விரல் பதியாத கை

எங்கள் வீட்டுப் பாத்திரங்களில் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம், அவ்வளவு பளபளப்பு. பதினோரு வருடமாக ஒரே பெண்தான் தேய்த்தாள். அவளைக் குறை சொல்ல நான் வரவில்லை.

குடியிருப்புச் சங்கத்துக்கு நான் செயலாளர். வேலைக்கு வருகிறவர்களுக்கென்று பின்பக்க மதிலில் ஒரு சின்னக் கதவு உண்டு. மதிலுக்கு அந்தப் பக்கம் அவர்கள் தெரு, தகரமும் பலகையுமாக நாற்பது வீடுகள். முன்வாசல் வழியாகச் சுற்றிப் போனால் அரை மணி நேரம் ஆகும். வரும்போதும் போகும்போதும் விரல் வைத்தால்தான் கதவு திறக்கும் என்பது நான் கொண்டுவந்த விதி. அவள் விரலைத்தான் இயந்திரம் லேசில் ஏற்கவில்லை, பல தடவை வைக்க வேண்டியிருந்தது. சோப்பிலும் கம்பி நாரிலும் ரேகை தேய்ந்துபோயிருந்தது. தொடக்கத்தில் நானே இரண்டு முறை சாவி போட்டுத் திறந்துவிட்டேன். ஐந்தாம் மாடித் தணிக்கையாளர் பார்த்துவிட்டார்.

"ஊருக்குத்தான் உபதேசமா செயலாளரே? உங்க வீட்டு ஆளுன்னா கதவே கும்பிடு போடுதே" என்றார் சங்கக் கூட்டத்தில். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பல நாள் என்னோடு சாப்பிட உட்கார்ந்தது.

அன்று காலை பதினொரு மணி இருக்கும். எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து அவள்தான் முதலில் புகையைப் பார்த்தாள். கையில் நுரையோடு இறங்கி ஓடினாள். பின்னால் நானும் போனேன். விரலை வைத்தாள். அடுத்த விரலை வைத்தாள்.

"சார், அவரால எந்திரிக்க முடியாது சார். பக்கத்துல எல்லாரும் வேலைக்குப் போயிருப்பாங்க."

அவள் கணவன் இரண்டு வருடமாகப் படுத்த படுக்கை. எனக்குத் தெரியும்.

"சாவி உங்ககிட்டதானே சார் இருக்கு?" என்றார் காவலாளி.

தணிக்கையாளர் நாயோடு அங்கே நின்றிருந்தார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுல இருக்கு. மேசை டிராயர்ல பாருப்பா" என்றேன். காவலாளிக்கு அறுபது வயதுக்கு மேல். லிஃப்டுக்குக் காத்திராமல் நான்கு மாடி படியேறி ஓடினார்.

"பதறாதே, ஈரத்தை நல்லாத் துடைச்சுட்டு வை" என்று அவளிடம் சொன்னேன். என் பேச்சைத் தட்டாதவள். புடவையில் துடைத்துத் துடைத்து வைத்தாள். மதிலுக்கு மேலே பறந்து வந்த சாம்பல் என் சட்டையில் விழுந்தது. தட்டிவிட்டேன். அப்போது பையிலிருந்த சாவி கையில் பட்டது.

பதினேழாவது தடவை கதவு திறந்தது. எண்ணிக்கை இயந்திரத்திலேயே பதிவாகியிருக்கிறது, நீங்கள் சரிபார்க்கலாம். அவள் போய்ச் சேர்ந்தபோது கூரை விழுந்திருந்தது.

நான் விதி மீறியதாக யாரும் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் கேட்டது விதியைப் பற்றி அல்ல. ஆமாம், சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்திருந்தால் தணிக்கையாளர் சிரித்திருப்பார்.

இப்போது முகம் பார்த்துத் திறக்கும் இயந்திரம் வைத்திருக்கிறோம். அழுதாலும் ஆளை அடையாளம் கண்டுகொள்ளுமாம். அவளுக்காக நான்தான் பேசி வாங்கினேன். திங்கட்கிழமையிலிருந்து வரலாம் என்று சொல்லியனுப்பினேன். இன்னும் வரவில்லை. மனதில் எதையும் வைத்துக்கொள்கிறவள் அல்ல. விரல் பதியாதோ என்று தயங்குகிறாள் போலிருக்கிறது.