குடத்தோடு போய் வாங்கிய ஆம்ப்

பாகூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். பெரியவர் மடியில் பேஸ் கிட்டாரின் சத்தத்தைக் கூட்டும் புது ஆம்ப் பெட்டி. அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் குடம்.

"மியூசிக் கடைக்கு இன்னாத்துக்குண்ணா குடம்?"

"முதுவுல ஆபரேஷன் பண்ண டாக்டரு, ஒரு குடம் தண்ணிக்கு மேல தூக்காதன்னாரு. கடையிலயே தண்ணி ரொப்பி, மொதல்ல அதத் தூக்கினேன். அப்பறம் ஒவ்வொரு ஆம்ப்பா தூக்கினேன். இதுதான் குடத்தவிட லேசு."

"சவுண்டு?"

"சுத்தமா இருக்குடா. பழசு உறுமியே என் தப்ப மறைச்சிடும். இதுல எல்லாம் கேக்குது."

"அப்ப கஷ்டம்தான்."

"ஆமா. ஒரு வருஷமா வாசிக்கல. ஞாயித்துக்கெழம கச்சேரி. வூட்டுக்குப் போனதும் ஒக்காரணும்."

அவர்கள் ஸ்டாப் வந்தது. இளையவர் ஆம்ப்பை வாங்கக் கை நீட்டினார்.

"அத வுடுடா. நீ குடத்த எடு."