தெளிந்த கஞ்சி

முட்டையை அவித்துத்தான் மஞ்சள் கருவை எடுக்க வேண்டும், ஐயா. பச்சையாக விட்டால் தொட்டித் தண்ணீர் ஒரே நாளில் நாறிப்போகும். அவித்த கருவை மெல்லிய துணியில் முடிந்து, ஒரு கோப்பை கடல்தண்ணீருக்குள் பிசைந்தால் மஞ்சளாகக் கசியும். அதைச் சொட்டுக்குழாயில் உறிஞ்சி, காற்றுப் பம்பை நிறுத்திவிட்டு, புழுவின் தலைக்குச் சற்று மேலே விட வேண்டும். ஒரு கருவில் கால்வாசி போதும். இதையும் எழுதச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

இந்த வேலையை நான் ஜித்தாவில் பழகினேன். ஒரு பணக்காரர் வீட்டில் கார் கழுவப் போனவனுக்கு, அவருடைய கடல்தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கும் வேலை கிடைத்தது. எகிப்துக்காரர் ஒருவர் சொல்லித்தந்தார். மீனுக்குப் பசித்தால் மேலே வந்து வாயைப் பிளக்கும். கல்லில் ஒட்டிய குழாய்க்குள் இருந்துகொண்டு, விசிறிபோல் தலையை விரித்து, தண்ணீரை வடித்துத் தின்கிற புழுக்கள் அப்படியில்லை. தண்ணீரில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் அவை தினமும் விரிக்கும். பார்க்கிறவன் நன்றாகத்தானே இருக்கிறது என்று போய்விடுவான். உள்ளே உடம்பு கரைந்துகொண்டு வரும். ஒருநாள் விசிறி கழன்று விழும்.

எண்பதாம் ஆண்டு ஊருக்கு வந்தேன். கல்முனைக்குடியில் நாங்கள் இருப்பது என் மனைவி முனவ்வறாவின் வீடு. எங்கள் வழக்கப்படி அவளுடைய வாப்பா மீராமுகைதீன் சீதனமாகக் கட்டிக் கொடுத்தது. நெல் ஆலையை மூடிய பிறகு அவரும் பின் அறையில் எங்களோடுதான் இருந்தார். முன்கூடத்தில் இரண்டடிக் கண்ணாடித் தொட்டி ஒன்றை வைத்தேன். கரைவலைக்காரர் மசூர், வலையில் ஏறிய கல் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். அதில் ஏழு புழுக்கள் இருந்தன.

மாமாவை எனக்குப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. அவர் அதை வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் சொன்னார், நான் சொல்லவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

“சவூதிக்குப் போனவனெல்லாம் கல்வீடு கட்டுறான். என்ட மருமகன் என்ட மகள்ர ஊட்டுல புழு வளக்கான்” என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பேன்.

ஒரு முறை கடவுச்சீட்டு அலுவலாக மூன்று நாள் கொழும்புக்குப் போனேன். திரும்பி வரும்போது வாசலிலேயே வாடை அடித்தது. தொட்டித் தண்ணீர் சாம்பல் நிறத்தில் இருந்தது. ஏழு விசிறியும் அடியில் கிடந்தன. மாமா இரண்டு கை தவிட்டை அள்ளிப் போட்டிருந்தார்.

“பாவம் மருமகன், பசியில கிடந்திச்சு. நான்தான் வயிறு நிறையத் தீன் போட்டன்” என்று சொல்லி, இருமல் வரும்வரை சிரித்தார். முனவ்வறாவும் சிரித்துவிட்டுப் பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். நான் தொட்டியைக் கழுவி வெயிலில் கவிழ்த்தேன். ஒரு மாதம் கழித்து மசூர் வேறொரு கல் தந்தார். இந்த முறை ஒன்பது புழுக்கள்.

அடுத்த வருடம் மாமா பாரிசவாதத்தில் விழுந்தார். ஒரு பக்கம் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. கட்டியாக எதையும் விழுங்க முடியவில்லை. வடித்த கஞ்சியில் ஓர் அவித்த மஞ்சள் கருவைக் கரைத்து, நேரத்துக்கு நேரம் கரண்டியால் ஊட்டச் சொன்னார் டாக்டர். முனவ்வறாதான் ஊட்டினாள். முதல் கரண்டியைத் தன் நாக்கில் வைத்து, உப்பும் சூடும் பார்த்த பிறகுதான் கொடுப்பாள். இரண்டு மாதத்தில் அவருக்குக் கன்னத்தில் சதைகூட வைத்தது.

பிறகு நோன்பு வந்தது.

“நோன்பு வச்சிக்கிட்டு நாக்குல வச்சிப் பாக்க எனக்கு மனமில்ல மச்சான். வாப்பாட வாய் வெந்து போகுமோ எண்டு பயமாக்கிடக்கு” என்றாள்.

“நீ காச்சி மட்டும் வை. ஊட்டுறத நான் பாக்கன்” என்றேன்.

“அல்லா உங்களுக்குக் கூலி தருவான்” என்றாள். தெருவெல்லாம் என் பெயர்தான். பெற்ற மகன்கூட இப்படிப் பார்க்க மாட்டான் என்று பள்ளிவாசலில் ஒருவர் என் கையைப் பிடித்துச் சொன்னார்.

பகலில் அந்த வீட்டுப் பெரியவர்களில் கஞ்சியை வாயில் வைக்கக்கூடியவர் மாமா ஒருவர்தான். அவரால் கதைக்க முடியாது. நான் கஞ்சியை ஆறவிடுவேன். அடியில் மண்டி தங்கும், மேலே உப்புத்தண்ணீர் தெளியும். தெளிவை அவருக்குக் கொடுத்தேன். அடிக்கஞ்சி கோழிக்குப் போனது. அவருக்கென்று அவித்த மஞ்சள் கருவில் கால்வாசி புழுக்களுக்கு. முக்கால்வாசி மிஞ்சும், அதையும் கோழிக்கே போட்டேன். மஃரிபுக்கு நோன்பு திறந்த பிறகு கொடுத்தால் புரையேறும் என்று டாக்டர் சொன்னதாக முனவ்வறாவிடம் சொன்னேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை.

ஓம் ஐயா, தெரிந்துதான் செய்தேன். முதல் நாளிலிருந்தே தெரியும்.

அவருக்கும் தெரியும். கரண்டி கிட்ட வரும்போது கண் என் முகத்திலேயே இருக்கும். அந்தக் கண்ணில் இருந்த வெறுப்பு குறையவே இல்லை. எனக்கும் குறையவில்லை. ஆனாலும் வாயைத் திறப்பார். பிறை ஏறியது, இறங்கியது. முனவ்வறா ஒருநாள், “வாப்பா மெலிஞ்சி போனாரே” என்றாள். “வருத்தம் எண்டா மெலியாதா?” என்றேன். அவளுக்கும் நோன்புக் களைப்பு. விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழும்புவதும் பிள்ளைகளைப் பார்ப்பதுமாக நாள் ஓடியது.

இருபத்தாறாம் நோன்பன்று நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன் மவுத்தானார். மையித்தைக் குளிப்பாட்ட வந்த காலிதீன் தூக்கிப் பார்த்துவிட்டு, “என்னடாப்பா, சின்னப் புள்ளட கனம்தான் இரிக்கி” என்றார். நானும் ஒரு பக்கம் தாங்கினேன். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கினோம்.

என் பிழை ஒன்றுதான். முப்பது நாளும் எல்லோருக்கும் நோன்பு என்று நாங்கள் ஆண்கள் நினைத்துக்கொள்கிறோம். பெண்களுக்கு மாதத்தில் சில நாள் நோன்பு இல்லை, தொழுகையும் இல்லை. அந்த நாட்களில் அவர்கள் யாருக்கும் காட்டாமல் குசினியில் இரண்டு வாய் தின்றுவிட்டு, நோன்பாளிபோல் முகத்தை வைத்துக்கொண்டு நடமாடுவார்கள். நாங்களும் கேட்க மாட்டோம். முனவ்வறாவுக்கு அன்று அந்த நாள்.

நாங்கள் அடக்க மையவாடியில் நிற்கும்போது, வாப்பா கடைசியாகக் குடித்து மிஞ்சியதென்று கட்டிலடிக் கோப்பையை எடுத்துக் குடித்திருக்கிறாள். அழுதுகொண்டே குடித்திருக்கிறாள். நான் வரும்போது அழுகை நின்றிருந்தது. மடியில் கோப்பை இருந்தது. கையில் தொட்டியடியில் நான் காயப்போட்டிருந்த துணி. மஞ்சளாக இருந்தது.

“வெறும் உப்புத்தண்ணி மச்சான்” என்றாள்.

நான் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

“வாப்பா வாயத் தொறந்தாரா?”

“ஓம்.”

“ஒவ்வொரு தரமும்?”

“ஒவ்வொரு தரமும்” என்றேன். நான் பொய் சொல்லியிருக்கலாம்.

அதன் பிறகுதான் அவள் பொலிசுக்கு, உங்களிடம் வந்தாள். என்னைக் கொலைகாரன் என்று எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன். ஈவிரக்கம் இல்லாதவன் என்று மட்டும் எழுத வேண்டாம். அந்த ஒன்பதில் ஒன்றுகூடச் சாகவில்லை.

ஒரு உதவி, ஐயா. நான் இங்கே வந்து இரண்டு நாளாகிறது. முனவ்வறா தொட்டிப் பக்கமே போயிருக்க மாட்டாள். யாரையாவது அனுப்பி, ஒரு முட்டையை அவித்துக் கால்வாசி போடச் சொல்லுங்கள். ஒரு உயிர் பசியில் கிடக்கிறது என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது.