கையை விடுங்க

படகுக்கு பிரேக் கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. வாடகைக்குப் படகு எடுப்பவர்களில் பாதிப் பேருக்குத் துறைச் சுவர் மூக்குக்கு நேரே வந்த பிறகுதான் அது உறைக்கும். அப்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும், ஐயா. நான் பார்த்திருக்கிறேன். அதுதான் என் உத்தியோகம்.

வாடகைப் பாய்மரப் படகுகள் மாலையில் திரும்பி வரும்போது, எது எங்கே நிற்க வேண்டும் என்று கரையிலிருந்து கைகாட்டுவேன். அவர்கள் எறியும் கயிற்றைப் பிடித்துக் கட்டுவேன். மற்ற நேரமெல்லாம் பக்கத்துக் காபிக்கடையில் உட்கார்ந்து கதை சொல்வேன். ஒருத்தர் நிறுத்தத் தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தார். அவர் மனைவி பொறுத்துப் பார்த்துவிட்டுத் தண்ணீரில் குதித்து, நீந்திக் கரையேறி, காபி குடித்து, தலை உலர்த்தி, கடைக்காரர் மகளுக்கு ஒரு வரனையும் பேசி முடித்துவிட்டார். புருஷன் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தார். இன்னொருத்தர் கயிற்றின் மறுமுனையைப் படகில் கட்டவே இல்லை. மொத்தத்தையும் என்னிடம் எறிந்துவிட்டு, "இழுங்க" என்றார். இழுத்தேன். கயிறு வந்தது.

அப்புறம் கம்பெனிக்காரர்கள் படகு எடுப்பவர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார்கள். எல்லோரும் ஒழுங்காக வந்து, ஒழுங்காக நிறுத்திவிட்டு, ஒழுங்காக வீட்டுக்குப் போனார்கள். ஒழுங்கை வைத்துக் கதை சொல்ல முடியாது. "பெரிசு, கயிற்றுக் கதை காது புளிச்சிருச்சு. புதுசா ஏதாவது இருந்தா சொல்லு, இல்லன்னா மேஜையக் காலி பண்ணு" என்றார் கடைக்காரர். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் என் மேஜையைச் சுற்றி நாற்காலிகள் குறைந்திருந்தன. சரக்கு தீர்ந்தால் எந்த வியாபாரியும் புதுச் சரக்கு வரவழைப்பான். நானும் வரவழைத்தேன்.

பெரிய சூழ்ச்சி எதுவும் இல்லை. பக்கவாட்டுக் காற்றில் படகு ஓரளவு வேகத்தோடு வந்தால்தான் சுக்கான் சொன்னபடி கேட்கும். வேகம் போனால் படகு காற்றின் சொத்து. பயிற்சி நடப்பது காற்றில்லாத காலை வேளையில். இது அவர்கள் மண்டையில் ஏறியிருக்காது. நான் காற்று மோதும் மூலையைக் காட்டிவிட்டு, "மெதுவா வாங்க தம்பி, அவசரமே இல்ல. இன்னும் மெதுவா" என்பேன். மெதுவாக வரச் சொன்ன கிழவனை யார் குறை சொல்வார்கள்? மோதி முடித்த பிறகு என்னைக் கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள்.

முதலில் ஒரு ஜன்னல் கண்ணாடி. பிறகு ஒரு பிறந்தநாள் கேக், மேலே ஏற்றிய மெழுகுவத்தியோடு. பிறகு ஒரு அம்மாளின் முன்பல் இரண்டு. பல் கதையைச் சொன்ன அன்று கடையில் நிற்க இடமில்லை. அதில் ஒரு சங்கடம். பல் கதையைக் கேட்ட பிறகு யாரும் ஜன்னல் கண்ணாடிக் கதைக்குச் சிரிப்பதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தக் குடும்பம் வந்தது. சுக்கான் சக்கரத்தில் மாப்பிள்ளை. பின்பக்கம் கயிற்றோடு அவர் மனைவி. முன்பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு மாமனார். தூரத்திலிருந்தே அவர் குரல் கேட்டது.

"பெரியவரே, கரையைக் கொஞ்சம் பின்னால தள்ளி வைங்க. எங்க மாப்ள வர்றாரு."

"அப்பா, சும்மா இருங்க. அவரே பதறிட்டு இருக்காரு."

"நான் என்னம்மா சொன்னேன்? கரைக்குத்தானே சொன்னேன்."

எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. நல்ல கதையில் இருக்க வேண்டிய மனிதர். மூலையைக் காட்டினேன். "மெதுவா வாங்க தம்பி" என்றேன். மாப்பிள்ளை சொன்னதைக் கேட்கும் பிள்ளை, மெதுவாகவே வந்தார். காற்று படகின் மூக்கைப் பிடித்துத் திருப்பியது. முழுப் படகும் பக்கவாட்டில் சுவரை நோக்கி நகர்ந்தது.

"மாமா, உட்காருங்க. முன்னால ஒண்ணும் தெரியல" என்றார் மாப்பிள்ளை. மாமனார் உட்காரவில்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி குனிந்து, மறு கையைச் சுவர்ப் பக்கம் நீட்டி, என்னைப் பார்த்தார்.

"கையால தள்ளிரட்டுமா?"

"கையை விடுங்க" என்றேன்.

நம் பேச்சில் அதற்கு இரண்டு பொருள் உண்டு. பிடித்த கையை விடு என்றால் எடு. பைக்குள் கையை விடு என்றால் உள்ளே செலுத்து. அவர் எதை எடுத்துக்கொண்டாரோ, இரண்டையும் செய்தார். கம்பியைப் பிடித்த கையை விட்டார். மற்றக் கையைப் படகுக்கும் சுவருக்கும் நடுவில் விட்டார். கையின் பின்னாலேயே அவரும் போனார்.

படகு எட்டு டன். வந்து சுவரோடு ஒட்டி நின்றது. அதைவிட நேராக அந்த மூலையில் யாரும் நிறுத்தியதில்லை.

மகள் அதைப் பார்க்கவில்லை. சொல்லிக்கொடுத்தபடி கயிற்றை எறிந்தாள். நான் பிடித்து, இழுத்து, இறுக்கிக் கட்டினேன். தளர்த்தியிருக்கலாமே என்பீர்கள். கயிறு வந்தால் கட்டுவதுதான் என் வேலை, ஐயா.

உங்கள் போலீஸ்காரர் விசாரித்தபோது நான் பொய் சொல்லவில்லை. கையை விடுங்க என்று சொன்னேன் என்றேன். "சரியாத்தானே சொல்லியிருக்கீங்க, பாவம், அவர்தான் கேக்கல" என்று அவரே எனக்கு ஆறுதல் சொன்னார். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க எச்சரிச்சும் இப்படி ஆயிருச்சே, தாத்தா" என்று அழுதாள். புருஷன் பக்கம் அவள் திரும்பவே இல்லை. அவர் பக்கத்து அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, கேட்பவர்களிடமெல்லாம் தான்தான் கொன்றதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். நாளைக்கு அதையே எழுதி வாங்கிக்கொண்டு உள்ளே தள்ளிவிடுவீர்கள் என்றும் கேள்விப்பட்டேன்.

அது தப்பு. படகை நேராக ஓட்டத் தெரியாதவர் இவ்வளவு துல்லியமான காரியத்தைச் செய்தார் என்றால் யார் நம்புவார்கள்? காபிக்கடையில் நேற்று இதைச் சொல்லப் பார்த்தேன். பாதியில் கடைக்காரர் தடுத்து, "போதும் பெரிசு. தெரியாதவன் கையில படகு, வேற என்ன சொல்ல" என்று முடித்துவிட்டார். முழுக் கதையும் மாப்பிள்ளை பேருக்குப் போய்விட்டது. என் பேர் ஒரு இடத்திலும் இல்லை. அதனால்தான் வந்தேன். அந்தப் பிள்ளையை அவர் மனைவியிடம் அனுப்பிவிடுங்கள்.

எந்தப் பொருளில் சொன்னேன் என்று கேட்கிறீர்கள். உள்ளே விடச் சொல்லித்தான். காற்று, மூலை, மெதுவா, எல்லாம் நான் வைத்தது. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் கொலை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ஐயா. அவ்வளவு கல்நெஞ்சம் எனக்கு இல்லை. நான் கேட்டது அவருடைய விரல்களைத்தான். ஒன்றோ இரண்டோ, மிஞ்சிப்போனால் ஒரு கை.