ஏரிக்கரைச் செய்தியில் தப்பு வராது

இந்தப் பக்கத்தில் இன்னும் பாதிப் பேர் பட்டன் போன்தான் வைத்திருக்கிறார்கள் சார். நாற்று நடப் போகும் பெண்கள் அதைச் சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகியிருப்பார்கள். சேற்றுக் கையோடு வீடியோவா பார்க்க முடியும்? ஒரு சத்தம், ரெண்டு வரி, அவ்வளவுதான் அவர்களுக்கு வேண்டும். அதனால்தான் 'ஏரிக்கரைச் செய்தி'யை எஸ்.எம்.எஸ்.ஸில் ஆரம்பித்தேன். எங்கே கரண்ட் இருக்காது, எந்த பஸ் வரவில்லை, நெல் கொள்முதல் எந்த ஊரில், யார் இறந்துபோனார்கள். உத்திரமேரூரையும் சுற்றுப்பட்டுக் கிராமங்களையும் தாண்டி ஒரு வரி எழுத மாட்டேன்.

வாட்ஸப்பில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். போன வருஷத்துக்கு முந்தின வருஷ மழையில் ஏரி உடைந்துவிட்டது என்று எவனோ கிளப்பிவிட்டான். ஜனம் பிள்ளைகுட்டியோடு ஓடியது. ஏரி உடையவில்லை. ரெண்டு நாள் கழித்து நிஜமாகவே ஏரி நிரம்பி, கலங்கல் தாண்டித் தண்ணீர் வந்தபோது வாட்ஸப்பை ஒருத்தரும் நம்பவில்லை. நான் அனுப்பினேன். பள்ளத் தெரு மொத்தமும் ஆடுமாட்டோடு மேட்டுக்கு வந்துவிட்டது. சுவர்கள் விழுந்தன, உயிர் ஒன்றுகூடப் போகவில்லை. வேதாசலம் அனுப்பினால் தப்பாக இருக்காது என்று நம்பி வந்தார்கள் சார். அந்த நம்பிக்கை ஒருநாளில் வந்ததில்லை.

எல்லாவற்றையும்விட சாவுச் செய்திக்குத்தான் மவுசு. கூலி வேலைக்குப் போகிறவர்கள் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும், மாலை வாங்க வேண்டும். எடுப்பதற்குள் வந்து முகம் பார்க்காவிட்டால் காலத்துக்கும் பேச்சு. ஆனால் அழுதுகொண்டிருக்கிற வீட்டுக்குப் போன் போட்டு, ஆகிவிட்டதா என்று எப்படிக் கேட்பது? நான் ஏசுதாஸிடம் கேட்பேன். பிணம் வைக்கும் ஃப்ரீசர் பெட்டியை வாடகைக்கு விடுகிறவர். பெட்டி எந்த வீட்டுக்கோ அந்த வீட்டில் சாவு. அந்தக் கணக்கு ஒருதரம்கூடப் பொய்த்ததில்லை.

ஐப்பசி பிறந்த வாரம், காலையில் ஏசுதாஸ் சொன்னார்: "பெட்டி நம்ப கண்டக்டர் வூட்டுக்குதாண்ணா." கண்டக்டர் என்றால் பஞ்சாட்சரம். டவுன் பஸ்ஸில் முப்பது வருஷம் விசில் ஊதியவர். அவரைத் தெரியாத ஆள் இந்த வட்டாரத்தில் கிடையாது. உடனே அனுப்பிவிட்டேன்.

அவர் இறக்கவில்லை. காஞ்சிபுரத்தில் டாக்டர் கைவிரித்து, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்லிவிட்டார். அப்படிச் சொன்னால் நம் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும். ஏசுதாஸிடம் இருப்பது ரெண்டே பெட்டி, அதில் ஒன்று ரிப்பேர். கடைசி நேரத்தில் கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்று, மகள் வசந்தகுமாரி முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறாள்.

அவளே போன் செய்தாள். "இன்னாண்ணே இது? அப்பா உசுரோட கீறாரு. இப்பதான் ரெண்டு வாய் கஞ்சி குடிச்சாரு."

நேரில் போனேன். போகாமல் இருந்திருக்கலாம், போனேன். வாசலில் ஒரே கூட்டம். சாவுக்கு வாங்கிய மாலையை யாரும் திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள் இல்லையா? வந்தவர்கள் என்ன செய்வது என்று தெரியாமல் காம்பவுண்டுச் சுவர் மேலேயே மாலைகளை வைத்துவிட்டு நின்றார்கள். மேளக்காரர்கள் தெருமுனையில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். வசந்தகுமாரி தலைகூடச் சீவாமல் ஒவ்வொருவராகக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பா சாவல, சாவலன்னு வாசல்ல நின்னு சொல்லிக்கினு கீறேண்ணே. பெத்த பொண்ணு வாயால சொல்ற பேச்சா இது? உன் கால்ல வேணா வுழறேன். ஒரே ஒரு மெசேஜ் வுடுண்ணே."

அனுப்புகிறேன் என்றேன். பொய் சொல்லவில்லை சார், அப்போது அனுப்பத்தான் நினைத்தேன். அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது. அதற்குள் ஒரு வேன் வந்து நின்றது, உள்ளேயிருந்தே ஒப்பாரி கேட்டது. "செத்த நேரம் அப்பாகிட்ட குந்துண்ணே" என்று சொல்லிவிட்டு வேனைப் பார்த்து ஓடினாள்.

அறையில் அவர் மட்டும்தான். தலைமாட்டில் ஆக்ஸிஜன் சிலிண்டர், பக்கத்தில் பட்டன் போன். என்னைப் பார்த்ததும் மாஸ்க்கைக் கையால் தூக்கினார்.

"வா நைனா. நான் பூட்டேனாமே. எனக்கும்தான் உன் மெசேஜ் வந்துச்சு." சிரித்தார், சிரிப்பிலேயே இருமினார். "நீ அனுப்பிச்சா தப்பா இருக்காதே. நான்தான் டயத்துக்கு வண்டி எடுக்கல போல."

நானும் சிரித்தேன்.

"சரி, இன்னொண்ணு அனுப்பிச்சிடு. பொண்ணு பேஜாராவுது. ஒரு டீ குடுக்கச் சொல்லு" என்று மாஸ்க்கை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார்.

பக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன். 'திருத்தம்: பஞ்சாட்சரம் அவர்கள் நலமாக உள்ளார். முந்தைய செய்தி தவறு.' எழுதிவிட்டு அந்தக் கடைசி வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அனுப்பும் பட்டனை என்னால் அழுத்த முடியவில்லை. பேப்பர் என்றால் மறுநாள் ஒரு மூலையில் வருந்துகிறோம் என்று போட்டுவிடலாம், யாரும் பார்க்க மாட்டார்கள். எஸ்.எம்.எஸ். அப்படி இல்லை. போனது போனதுதான், திரும்பக் கூப்பிட முடியாது. ஒவ்வொரு போனிலும் ரெண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். மழை தொடங்கப் போகிறது. நாளைக்குத் தண்ணீர் வருகிறது என்று நான் அனுப்பினால், உயிரோடு இருந்தவரைச் சாகடித்த ஆள்தானே என்று பள்ளத் தெருவில் நாலு பேர் படுத்துக்கொள்வார்கள். ஒரு பக்கம் அந்த நாலு பேர். இன்னொரு பக்கம் டாக்டரே கைவிட்ட ஒருத்தர். நீங்களே சொல்லுங்கள், நான் வேறு என்ன செய்ய முடியும்?

சிலிண்டர் குமிழ் எனக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. மூடினேன்.

அவர் கண் திறந்தார். என் மணிக்கட்டைப் பிடித்தார். பஸ் கம்பியைப் பிடித்துப் பழகிய கை, அந்த உடம்பில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. மாஸ்க்கைப் பிடுங்கப் பார்த்தார். அது நழுவாமல் நான் பார்த்துக்கொண்டேன். வெளியே வசந்தகுமாரி, எங்கப்பா சாவல, எங்கப்பா சாவல என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவருக்கும் அது கேட்டிருக்கும். கை தளர்கிறவரை நான் எழுந்திருக்கவில்லை. சாகும்போது பக்கத்தில் ஆள் இல்லாமல் போய்விட்டார் என்று யாரும் சொல்ல முடியாது.

பிறகுதான் போய் அவளைக் கூப்பிட்டேன். சுவர் மேல் இருந்த மாலைகளையே போட்டார்கள், வாடவில்லை. அன்று சாயந்திரமே எடுத்துவிட்டார்கள். நான் போட்ட செய்திக்கும் நடந்ததற்கும் சில மணி நேரம் முன்பின், அவ்வளவுதான்.

அந்த மழைக்காலத்தில் பெரிதாக ஒன்றும் பெய்யவில்லை. ஏரி பாதிகூட நிரம்பவில்லை. அது வேறு விஷயம்.

இப்போது நானாக ஏன் ஸ்டேஷனுக்கு வந்தேன் என்று கேட்டீர்கள். சிலிண்டரைத் திருப்பி எடுக்க வந்தவர்கள் குமிழ் மூடியிருந்ததைப் பார்த்திருக்கிறார்கள். அன்று காலையில் அதைத் திறக்க மூடக் கற்றுக்கொண்டவள் வசந்தகுமாரி ஒருத்திதான். கூட்டத்தில் பதறிப்போய்த் தானே அதை மூடிவிட்டதாக அவளே நம்ப ஆரம்பித்துவிட்டாள். "என் கையாலயே அப்பாவ கொன்னுட்டேண்ணே" என்று என்னிடமே வந்து அழுதாள். நான் தேற்றி அனுப்பினேன். சோறு தண்ணீர் இல்லாமல் கிடக்கிறாள் என்றார்கள். அப்புறம் ஊரெல்லாம் அதையே பேச ஆரம்பித்தது, வாட்ஸப்பிலும் வந்துவிட்டது. அது உண்மை இல்லை. என் ஊரில் தப்பான செய்தி சுற்றுவதை என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது, அதனால் வந்தேன்.

போனை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எழுதி அனுப்பாமல் வைத்த அந்தத் திருத்தம் அதில் அப்படியே இருக்கிறது. ஒரு விரலால் அழுத்தியிருந்தால் முடிந்திருக்குமே என்கிறீர்கள், நானும் அதை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். இனிமேல் அதை அனுப்ப முடியாது சார். பஞ்சாட்சரம் நலமாக இல்லை, முந்தைய செய்தியிலும் தவறு இல்லை.