ஜன்னல் வரைக்கும்

நடிகை: சார், கொஞ்சம் தள்ளிப் படுங்க... உங்க முழங்கை விலாவுல குத்துது.

நடிகர்: எங்கே தள்ள? இதுக்கு மேல தள்ளினா கீழேதான் விழணும். கட்டிலா இது, ரெண்டு பேருக்கு ஒரு பெஞ்சு!

நடிகை: காதல் காட்சிக்குச் சின்னக் கட்டில்தான் போடணுமாம். அப்போதான் நெருக்கம் வருமாம்.

நடிகர்: நெருக்கம் எங்கே வந்தது? இடுப்பு வலிதான் வருது.

உதவி இயக்குநர்: அண்ணே, அஞ்சே நிமிஷம்... ஜன்னல் பக்கம் லைட்டு வைக்கிறாங்க. அம்மா, அசையாதீங்க, தோள்ல மேக்கப் அழிஞ்சிடும்.

நடிகை: கேட்டீங்களா? உங்களைவிட நான் பத்து வயசு சின்னவ. நீங்க அண்ணன், நான் அம்மா.

நடிகர்: அது மரியாதைக்குச் சொல்றது... என்ன, போர்வையை இப்படி இறுக்கிப் பிடிச்சிருக்கீங்க?

நடிகை: ஏசி.

நடிகர்: ஏசியை அப்பவே நிறுத்திட்டாங்களே. சத்தம் வருதுன்னு.

நடிகை: ...பயமா இருக்கு சார். போர்வையை விட்டு எந்திரிச்சு, வெறும் முதுகோட, அந்த ஜன்னல் வரைக்கும் நடக்கணும். இத்தனை பேர் முன்னாடி. அப்புறம் ஊரே பார்க்கும்.

நடிகர்: முதுகுதானே...

நடிகை: அப்போ நீங்க நடங்க.

நடிகர்: நானா? நான் எதுக்கு...

நடிகை: கதையில என்ன எழுதியிருக்கு? 'இருவரும் எழுந்து ஜன்னலருகே செல்கிறார்கள்.' இருவரும்! உங்க பாதி எங்கே போச்சு?

நடிகர்: அது... என் மேனேஜர் டைரக்டர்கிட்டப் பேசினார். என் பொண்ணு ஸ்கூலுக்குப் போறா. கூடப் படிக்கிறதுங்க கேலி பண்ணுமேன்னு...

நடிகை: என் பையனும் ஸ்கூலுக்குத்தான் சார் போறான். நானும்தான் மாட்டேன்னு சொன்னேன். 'கதைக்குத் தேவைம்மா'ன்னார் டைரக்டர். நீங்க மாட்டேன்னு சொன்னப்போ மட்டும் கதை வாயே திறக்கலை.

நடிகர்: போன படத்துல நான் சட்டையில்லாம சண்டை போடலையா?

நடிகை: போட்டீங்க. விசில் அடிச்சாங்க, தெருத்தெருவா போஸ்டர் ஒட்டினாங்க. என் முதுகு தெரிஞ்சா எங்கப்பா கடைக்குப் போக முடியாது. மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம்.

நடிகர்: இதுல நான் மாமியாரா?

நடிகை: பின்ன? மீசை வச்ச மாமியார்.

நடிகர்: சிரிக்காதீங்க... எனக்கு உறைக்குது. நீங்க 'நடங்க'ன்னதும் ஒரு நிமிஷம் மூச்சே நின்னுடுச்சு. வாயால சொன்னதுக்கே இப்படின்னா... தம்பி! இங்கே வா.

உதவி இயக்குநர்: சொல்லுங்கண்ணே.

நடிகர்: டைரக்டர்கிட்டப் போய்ச் சொல்லு. ஜன்னலுக்கு நானும் வரேன். முதல்ல எந்திரிக்கிறது நான்.

உதவி இயக்குநர்: விளையாடாதீங்கண்ணே... நீங்க ஜீன்ஸ் போட்டிருக்கீங்களே.

நடிகை: என்னது?

நடிகர்: டேய்...

நடிகை: போர்வைக்குள்ள ஜீன்ஸா! பெல்ட்டும் உண்டா?

நடிகர்: ...உண்டு.

நடிகை: அடப்பாவி சார்!

நடிகர்: திட்டறதை அப்புறம் வச்சுக்கோங்க. தம்பி, கழட்டிடறேன்னு சொல்லு. எழுதினபடி ரெண்டு பேரும் போகணும், இல்லைன்னா ரெண்டு பேரும் போக வேண்டாம். ஓடு.

நடிகை: சார்... நெஜமாவா?

நடிகர்: வாயை விட்டுட்டேன். இப்போ உங்க பயம் என் பக்கம் வந்துடுச்சு.

நடிகை: என்ன பண்றார் டைரக்டர்?

நடிகர்: தலையில கை வச்சுக்கிட்டார்... யாருக்கோ போன் போடறார்... நம்மளைப் பார்க்கிறார். நீங்க பார்க்காதீங்க.

நடிகை: நான் கண்ணை மூடி ரொம்ப நேரமாச்சு.

உதவி இயக்குநர்: அண்ணே! நீங்க எந்திரிக்கிறதா இருந்தா அந்த ஷாட்டே வேண்டாமாம். ரெண்டு பேரும் படுத்தபடியே பேசி முடிச்சிடலாம்னுட்டார்.

நடிகை: கதைக்கு?

உதவி இயக்குநர்: கதைக்குத் தேவையில்லையாம், அம்மா.

நடிகை: அப்பாடா... போன உயிர் திரும்பி வந்துச்சு.

நடிகர்: எனக்கும்தான். அட, ஏன் அழறீங்க?

நடிகை: அழலை சார்... சிரிப்பும் சேர்ந்துதான் வருது. தேங்க்ஸ் சார். நெஜமாவே.

நடிகர்: தேங்க்ஸ் எல்லாம் வேண்டாம். மேனேஜர் பேசின அன்னிக்கே நான் உங்களுக்கும் சேர்த்துப் பேசியிருக்கணும்.

உதவி இயக்குநர்: லைட்டை மாத்தணும்ணே. எல்லாரும் போய்க் காபி குடிச்சிட்டு வாங்க.

நடிகர்: வாங்க, போலாம்... என்ன, இன்னும் படுத்தே இருக்கீங்க? எந்திரிங்க.

நடிகை: முடியாது சார். காஸ்ட்யூம் அக்காவும் நானும் காலையில யாருக்கும் தெரியாம ஒரு வேலை பண்ணிட்டோம்... உள்ளே நான் போட்டிருக்கிற துணியோட இந்தப் போர்வையைச் சுத்திவரத் தச்சாச்சு. நான் ஜன்னலுக்குப் போனா போர்வையும் கூடவே வரும், கட்டில்ல நீங்க மட்டும் திறந்து கிடப்பீங்க. படத்தைவிட்டுத் தூக்கினா தூக்கட்டும்னுதான் வந்து படுத்தேன்... அந்த அக்காவைக் கொஞ்சம் கூப்பிடச் சொல்லுங்க சார், கத்தரிக்கோலோட.