மச்சம் எந்தப் பக்கம்

வெந்தயத்தைக் கருகாமல் வறுக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். சபியாவுக்கு அன்று அந்தப் பொறுமை இல்லை. சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு ஓடிப்போய் டிரங்குப் பெட்டியைத் திறப்பாள், துணிகளைத் தொட்டுப் பார்ப்பாள், மூடுவாள், மறுபடி அடுப்புக்கு ஓடுவாள். ரங்கூனில் எங்கள் மகள் சைனபுக்குத் தலைப்பிரசவம். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் மருந்துப் பொடிக்காகத்தான் அந்த வெந்தயம். மறுநாள் சபியாவுக்கு ரயில். எங்கள் வீட்டில் சாதாரணமாக நடந்த கடைசிக் காரியம் அதுதான்.

நான் யூனுஸ், சபியாவின் கணவன். மதுரை தெற்கு மாசி வீதியில் தகரப் பெட்டிக் கடை வைத்திருக்கிறேன். பர்மாவுக்கும் மலாய்க்கும் போகிறவர்கள் என்னிடம்தான் பெட்டி வாங்குவார்கள். அவர்களுக்கு வேண்டிய மனுக்களையும் எழுதிக் கொடுப்பேன். யூனுஸ் பாய் எழுதிய மனு திரும்பி வராது என்று ஊரில் ஒரு பேர் இருந்தது. பெருமைக்காகச் சொல்லவில்லை. நடந்தது புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அது நாற்பத்தொன்றாம் வருஷம். அதுவரை பர்மாவுக்குச் சீட்டு வாங்கிக் கப்பல் ஏறினால் போதும். அந்த வருஷம் சட்டம் மாறியது. சொந்தக்காரரைப் பார்த்துவிட்டுத் திரும்புவதானாலும் பாஸ்போர்ட்டும் விசாவும் வேண்டும் என்றார்கள். சபியாவுக்காக ஆகஸ்டிலேயே மனுப் போட்டேன். ஆபீசில் யாரோ ஒரு குமாஸ்தா, மகளைப் பார்க்கப் போகிறவளை வேலைக்குப் போகிறவள் என்று பதிந்துவிட்டார். கூலி வேலைக்குப் போகிறவர்களை அப்போது நிறுத்தி வைத்திருந்தார்கள். மனு அந்தக் கட்டோடு போய்க் கிடந்தது. அலைந்து மீட்டால், எவ்வளவு காலம் தங்குவாள் என்று குறிக்கவில்லை எனத் திரும்பியது. நான் குறித்திருந்தேன். அந்தத் தாளை அவர்கள் தொலைத்திருந்தார்கள்.

ஆபீஸ் பியூன் காசிமாயன்தான் ஒவ்வொரு தடவையும் கொண்டுவருவான். "பாய், எங்க ஆபீசுக்கும் ஒங்க கடைக்கும் சம்பந்தம் ஆகிப்போச்சு போல. போறதும் வாரதுமா இருக்கு" என்பான்.

சபியா வீட்டுக்குள் உட்கார மாட்டாள். வாசல் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பாள். "இம்புட்டு நாளாச்சே. பிள்ளை பொறந்து, அது நடக்கப் பழகி, என்னையக் கூட்டிட்டுப் போக அதுவே வரும்போல" என்பாள். எனக்குச் சாப்பாடு இறங்காது. கடையில் இருந்தால் வீட்டு நினைப்பு, வீட்டில் இருந்தால் ஆபீஸ் நினைப்பு.

மூன்றாம் தடவை திரும்பியதற்குக் காரணம் நான். முகத்திரை போடும் கோஷாப் பெண்களுக்குப் புகைப்படம் வேண்டாம், முகத்தில் உள்ள அடையாளத்தை எழுதினால் போதும் என்று ஒரு சலுகை இருந்தது. சபியாவுக்குக் கன்னத்தில் மச்சம் உண்டு. வலது கன்னத்தில் மச்சம் என்று எழுதினேன். அம்மை ஊசி போட வந்த நர்சம்மா அவள் முகத்திரையை விலக்கிப் பார்த்து, இடது கன்னத்தில் மச்சம் என்று சான்றிதழில் எழுதிவிட்டாள். இரண்டும் ஒத்துவராததால் ஆள்மாறாட்டமோ என்று சந்தேகம் வந்து, மனுவைத் திருப்பிவிட்டார்கள்.

சபியா விழுந்து விழுந்து சிரித்தாள். "இருவது வருசமா யாரு மூஞ்சியப் பாத்துக்கிட்டுக் குடும்பம் நடத்துனீக?" என்று கேட்டாள். இடது கன்னத்தை என் பக்கம் திருப்பி, மச்சத்தில் விரலை வைத்துக் காட்டினாள். அதோடு விட்டிருக்கலாம். தெருவில் வீடு வீடாகச் சொன்னாள். அது கடைக்கும் வந்தது. பெட்டி வாங்க வந்த ஒருவன், "பாய், எனக்கு மூக்கு நடுவுலதான் இருக்கு, பாத்து எழுதுங்க" என்றான். நானும் சிரித்தேன்.

அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. எதிரே நிற்பவருடைய இடது, பார்க்கிறவருக்கு வலப்பக்கம்தான். யாருக்கும் நேரக்கூடிய தவறு. சபியாவை என்னைவிட அறிந்தவர்கள் கிடையாது.

நவம்பர் கடைசியில் விசா வந்தது. முத்திரை, பெயர், தங்கும் காலம், இடது கன்னம், எல்லாம் சரியாக இருந்தன. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு வேலையும் இல்லாமல் நான்கு மாசி வீதிகளையும் சுற்றி வந்தேன்.

ரயிலுக்கு முந்தின நாள் மத்தியானம், அவள் வெந்தயம் வறுத்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், பரவை ஊர்க்காரப் பையன் சேக் இஸ்மாயில் கடைக்கு வந்தான். என் மருமகன் சுலைமானுக்கு ரங்கூன் மொகல் தெருவில் துணிக்கடை. அங்கே வேலை பார்த்தவன் இவன். சுலைமானின் தங்கையை இவனுக்குப் பேசியிருந்தார்கள். கப்பலிலிருந்து இறங்கி ரயிலில் நேராக வந்திருந்தான்.

"மாமு, சுலைமான் மச்சான் சொல்லச் சொன்னாக. மாமிய அனுப்ப வேணாமாம். அங்க நெலம சரியில்ல. ஜப்பான்காரன் வந்துருவான்னு பேசிக்கிறாக. வசதியானவுக பொம்பளைகள ஊருக்கு அனுப்புறாக. பிரசவம் ஆனதும் அவுகளே கெளம்பி வாராகளாம்."

அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். "சரி மாப்ள, நான் பாத்துக்கிறேன். நீ போய் ஒங்கம்மாவப் பாரு" என்றேன்.

உடனே கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தேன். சொல்வதற்காகத்தான் நடந்தேன். வீட்டில் கருகிய வெந்தய வாசனை. உள்ளே பக்கத்து வீட்டுப் பெண்கள் வழியனுப்ப வந்திருந்தார்கள். சபியாவின் குரல் கேட்டது. "இந்தத் தடவ இவுக என்னைய வெளிச்சத்துல நிறுத்திவச்சுப் பாத்துல்ல எழுதுனாக. நான் போனதுக்கப்புறம் மச்சத்த யாரு மூஞ்சியில போயித் தேடுவாகளோ." எல்லோரும் சிரித்தார்கள்.

செருப்பைக் கழற்றாமல் நின்றேன். இப்போது உள்ளே போய்ச் சொன்னால் அவள் பெட்டியைப் பிரித்துவிடுவாள். நாளைக் காலையில் தெரு முழுக்க, யூனுஸ் பாய் அம்புட்டு மாசம் எழுதியும் பெண்டாட்டியைக் கப்பலேற்ற முடியவில்லை என்று பேசும். அந்த விசாவில் ஒரு பிழைகூட இல்லை. அதை வீணாக்க எனக்கு மனம் வரவில்லை. யுத்தமும் அப்போது பர்மாவுக்கு வந்திருக்கவில்லை. மறுநாள் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேனா என்றால், இல்லை. அப்படி நினைக்கவில்லை.

மறுநாள் அதே கப்பலில் போகிற ஒரு குடும்பத்தோடு அவளை ரயிலேற்றினேன். ஜன்னல் பக்கம் நின்றேன். நிற்க முடியவில்லை, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றேன்.

"என்னங்க, எதாச்சும் சொல்லணுமா? வாயத் தொறந்து தொறந்து மூடுறீக."

"ஒன்னுமில்ல. பாஸ்போர்ட்டப் பத்திரமா வச்சுக்க."

அவள் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாள். எந்தத் துறைமுகத்திலும் யாரும் அவளை மறித்து ஒரு கேள்வி கேட்கவில்லை. பேரனைக் கையில் வாங்கினாள். டிசம்பர் இருபத்து மூன்றாம் தேதி ரங்கூனில் குண்டு விழுந்தது. பிள்ளைக்கு வெந்நீர் போடக் கரி வாங்கத் தெருவில் இறங்கியிருந்தாளாம். விமானங்களை எல்லோரும் வேடிக்கை பார்த்தார்களாம். அவளும் முகத்திரையைத் தூக்கிவிட்டு அண்ணாந்து பார்த்தாளாம். உடல் கிடைக்கவில்லை.

சுலைமானும் சைனபும் பிள்ளையோடு ஜனவரியில் ஒரு கப்பலில் இடம் பிடித்து வந்து சேர்ந்தார்கள். வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போதே சுலைமான் கேட்டான்.

"மாமு, இஸ்மாயில் வந்து சொல்லலையா?"

"யாரும் வரலையே மாப்ள."

என்னிடம் சொன்னதாகப் பள்ளிவாசல் முற்றத்தில் இஸ்மாயில் சத்தியம் செய்தான். "டீ வாங்கிக் குடுத்தீகளே மாமு" என்றான். அவனுக்குக் குரல் நடுங்கியது. எனக்கு நடுங்கவில்லை. "பயணக் களைப்புல யார்கிட்டயோ சொல்லிட்டு என்கிட்டச் சொன்னதா நெனச்சுக்கிட்டிருக்க தம்பி. பரவால்ல விடு" என்றேன். பெண்டாட்டியை இழந்தவன் பேச்சைத்தான் ஊர் நம்பியது. சுலைமானின் தங்கையை வேறு இடத்தில் கொடுத்தார்கள். அதன் பிறகு அவன் சலாம் சொன்னால் பதில் சொல்லப் பலர் யோசித்தார்கள். நான் மட்டும் தவறாமல் பதில் சொன்னேன்.

யுத்தம் முடிந்து இப்போது ஹஜ்ஜுக்குக் கப்பல் போகிறது. போகிறவர்கள், தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளுக்கு எல்லோரிடமும் பொறுப்புக் கேட்டுவிட்டுப் போவது எங்கள் வழக்கம். இன்று காலை இஸ்மாயில் கடைக்கு வந்தான். முன்தலை வழுக்கை விழுந்திருந்தது.

"மாமு, ஒங்ககிட்டச் சொன்னதாத்தான் எனக்கு நெனப்பு. ஆனா நீங்க சொன்னமாரி வேற யார்கிட்டயும் சொல்லிட்டனோ என்னமோ, இப்ப எனக்கே தெரியல. மாமி உசுரு என்னால போச்சு. மன்னிச்சுருங்க."

மன்னித்தேன். அவன் கையைப் பிடித்து, வாய்விட்டே சொன்னேன். அவன் அழுதான்.

அவன் என்னிடம்தான் சொன்னான். வேறு யாரிடமும் சொல்லவில்லை. எனக்குக் காது நன்றாகக் கேட்டது. கேட்ட பிறகுதான் சபியாவை ரயிலேற்றினேன்.

அழுது முடித்து, பயண மனுவை எடுத்து நீட்டினான். "நீங்க எழுதுனா பிழை வராது மாமு" என்றான். எழுதிக் கொடுத்தேன். அடையாளம் என்ற இடத்துக்கு வந்ததும் அவனை வெளிச்சத்தில் நிற்கச் சொல்லி, நெற்றித் தழும்பைப் பார்த்து எழுதினேன். அவன் போன பிறகு கடையில் உட்கார முடியவில்லை. எழுந்து எழுந்து வாசலுக்குப் போய் வந்தேன். வயதாகிவிட்டது, பல விஷயங்கள் மறந்துபோகின்றன. சபியாவின் முகம் மட்டும் மறக்கவில்லை. கண்ணை மூடினால் அப்படியே வந்து நிற்கிறது, வலது கன்னத்தில் அந்த மச்சத்தோடு.