கொடுத்த வீட்டில் விருந்தாளி

சர்க்கரை வேண்டாம், இன்ஸ்பெக்டர். பால் மட்டும் போதும்.

வரிக்குத் தப்பிச் சாக வழி சொல்வது என் தொழில். யார்க்‌ஷயர் பணக்காரர்கள் பாதிப்பேர் என்னைக் கேட்காமல் சாகமாட்டார்கள். விதவை வினிஃப்ரெட் தாக்ராவும் அப்படித்தான் வந்தார். கல் வீடு, ரோஜாத் தோட்டம், ஒரே மகன் டெஸ்மண்ட். வீட்டை மகனுக்கு எழுதிக் கொடுத்து ஏழு வருடம் உயிரோடு இருந்தால், செத்தபின் அந்த வீட்டுக்கு வாரிசு வரி கிடையாது. ஆனால் கொடுத்த வீட்டைக் கொடுத்தவர் அனுபவிக்கக் கூடாது.

"அப்ப நான் எங்கப்பா போறது, பெட்டிஃபரு?"

"தெருக்கோடியில ஒரு அறை பாத்திருக்கேன், மிசஸ் தாக்ரா. இங்க விருந்தாளியா வந்து போகலாம்."

"சோபாவுல உக்காரலாமா, அதுக்கும் வரியா?"

உட்காரலாம் என்றேன். ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றுவதைத்தான் நிறுத்தச் சொன்னேன். அது வீட்டுக்காரர் செய்கிற வேலை. சாவியையும் வாங்கிக்கொண்டேன்.

விருந்தாளி வருடத்தில் சில இரவுகள் தங்கலாம். இடுப்பு முறிந்து மகன் வீட்டில் படுத்திருந்தபோதே அந்த வருடத்து இரவுகளை அவர் தீர்த்துவிட்டார். டிசம்பரில் பனி கொட்டியது. அவர் அறையில் ஹீட்டர் நின்றுபோனது. இருட்டும் நேரத்தில் கம்பை ஊன்றி வந்து மணியடித்தார். நானும் டெஸ்மண்டும் உள்ளே கேக் தின்றுகொண்டிருந்தோம்.

"டெஸ்மண்டு, தொறடா. கால் வெறைக்குது."

டெஸ்மண்ட் எழுந்தார்.

"உக்காருங்க. இன்னிக்குத் தங்குனாங்கன்னா இத்தன வருஷமும் மண்ணாப் போயிரும். வசந்தம் வந்துட்டா ஏழு முடிஞ்சிரும்."

உட்கார்ந்துவிட்டார். வளர்ப்பு நல்ல வளர்ப்பு.

"பெட்டிஃபரு, உன் காரு நிக்குதே. உள்ள விடாட்டி போ, ஒரு டீ குடு. வெளியவே நின்னு குடிச்சுக்கிறேன், சட்டம் கெட்டுராது."

அவர் சொன்னது சரிதான், டீக்கு விதியில் இடமுண்டு. ஆனால் டீ கொடுக்கக் கதவைத் திறக்க வேண்டும்.

மணிச்சத்தம் நின்றபின் நான் போய்த் திறந்தேன். கதவில் சாய்ந்து கிடந்தவரின் கை உள்ளே விழுந்தது. விரல்கள் அசைந்தன. அந்தக் கையை எடுத்து வெளியே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். அறைக்குத் திரும்பிவிட்டார் என்று டெஸ்மண்டிடம் சொல்லி இன்னொரு துண்டு கேக் வெட்டினேன்.

ஏழு வருடம் முடியாமல் செத்ததால் இப்போது வரி கட்டித்தான் ஆக வேண்டும். டெஸ்மண்ட் என்மேல் கோபமாக இருக்கிறாராம். வசந்தம்வரை தாங்காதது அவருடைய அம்மா. என் பங்கில் ஒரு குறையும் வைக்கவில்லை.